வரிசையில் கேட்ட கேள்வி

ஓவர்லாக் மிஷினில் பதினோரு வருடம் குனிந்து உட்கார்ந்தவளுக்குக் கழுத்து எங்கே பிடிக்கும், எத்தனை மணிக்குப் பிடிக்கும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அனுசுயாவுக்கு அது மனப்பாடம். காலையில் எட்டரைக்கு மிஷினைப் போட்டால் பதினோரு மணி டீக்கு வலது தோள் கனக்கும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பிடரிக்கு ஏறும். ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு வீடு திரும்பும்போது கையில் தூக்குவாளி இருக்கிறதா, வழியிலேயே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். விரல்கள் அப்படி மரத்துப் போயிருக்கும்.

அவளுடைய அப்பா மொக்கைச்சாமி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தவர். வந்த மூன்றாம் வாரமே மகளைப் பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்த்துவிட்டார். டெய்லருக்கு எதிரில் நின்று துணியை மடித்து மடித்து நீட்டுகிற வேலை. அதிலிருந்து சிங்கர், சிங்கரிலிருந்து ஓவர்லாக். கல்யாணம் நடந்ததும் அதே கம்பெனியில் கட்டிங்கில் இருந்த மாரிச்செல்வத்தோடுதான். மகன் பிறந்தான், பள்ளிக்கூடம் போனான். முப்பத்திரண்டு வயதில் ஒருநாள் தலை சீவக் கையைத் தூக்கினாள், கை வரவில்லை.

ஊசி, மாத்திரை, எண்ணெய், கட்டு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கூட வேலை பார்த்த ஒருத்தி சொன்னாள் என்று அவிநாசி ரோட்டில் ஒரு அம்மாவிடம் போய் அக்குபஞ்சர் போட்டுக்கொண்டாள். தலைமுடி மாதிரி மெல்லிய ஊசி. குத்தியதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. ஏழாவது வாரம் தன் கூந்தலைத் தானே பின்னிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். அன்றைக்குப் பிடித்தது அந்தக் கிறுக்கு. எனக்குச் செய்ததை நான் நாலு பேருக்குச் செய்ய வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஆறு நாள் மிஷின், ஏழாம் நாள் பஸ். மூன்று வருடம் இப்படி. பிளஸ் டூவைப் பாதியில் விட்டவள், நரம்பையும் நாளத்தையும் படம் போட்டுப் படித்து, சோறு வடிக்கும்போது புள்ளிகளின் பெயரை முணுமுணுப்பாள். "ஆயிரம் பேரைக் கொன்னவன்தான் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க. மொதல்ல என்னையக் கொல்லு" என்று மாரிச்செல்வம் முழங்காலை நீட்டிக்கொண்டு உட்காருவான். கிண்டல்தான், ஆனாலும் காலை நீட்டினானே, எத்தனை புருஷன்கள் நீட்டுவார்கள்? அவனைக் குத்திக் குத்தித்தான் அவள் கை பழகியது.

பாண்டியன் நகரில் மாவு மில்லுக்குப் பக்கத்து அறையைப் பிடித்தார்கள். போர்டு எழுத வந்தவன், "பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுறலாமாக்கா? எல்லாரும் போட்டுக்கறாங்க" என்றான். "நான் டாக்டருக்குப் படிக்கல. படிச்சதை மட்டும் எழுது" என்றாள். அந்த விஷயத்தில் அவள் கறார். மாத்திரையை நிறுத்துங்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. நெஞ்சு வலி என்று வந்தவனை உட்காரக்கூட விடாமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவள். சும்மா சொல்லக்கூடாது, கைராசிக்காரி. சாமளாபுரத்திலிருந்து தறி ஓட்டுகிறவர்கள் வந்தார்கள், குன்னத்தூர்ப் பக்கமிருந்து தோட்டக்காரர்கள் வந்தார்கள். பனியன் கம்பெனிப் பெண்கள் ஞாயிறானால் வாசல்வரை நின்றார்கள்.

பெண்கள் வந்தால் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். திரையை இழுத்துவிட்டு, மாரிச்செல்வத்தையே வெளியே அனுப்பிவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காதோரமாகக் கேட்பாள். "முழுகாம இருக்கியா? நாள் தள்ளிப் போயிருக்கா? எனக்கு மட்டும் சொல்லு. இந்தத் திரையைத் தாண்டிப் போகாது." பிள்ளை உண்டானவளுக்குத் தொடக்கூடாத புள்ளிகள் என்று சில உண்டு. கரு தங்காது என்பது அந்தப் படிப்பின் பயம். ஆஸ்பத்திரி டாக்டர்களிடம் கேட்டால் அதற்கெல்லாம் சாட்சி கிடையாது என்று சிரிப்பார்கள். இருக்கட்டும். சொல்லிக்கொடுத்தவர்கள் தொடாதே என்றார்கள், இவள் தொட்டதில்லை.

ராமாத்தாள் வந்தது அந்த நாட்களில்தான். பெருமாநல்லூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டு அம்மா. காரில் வந்து இறங்குவார், இறங்கவே ரெண்டு பேர் வேண்டும். முழங்கால் அப்படி. ஏழெட்டு வாரம் விடாமல் வந்தார். அப்புறம் ஒருநாள் பஞ்சாமிர்த டப்பாவோடு வந்து நின்றார். "விஞ்ச் வேண்டாம்னு சொல்லிப் போட்டுப் படியிலயே ஏறிட்டேன் கண்ணு. மலைக்கு மேல நின்னு உம் பேரையும் சொல்லித்தான் கும்புட்டேன்" என்றார். சொன்னதோடு விடவில்லை. "எம் பையன் கம்பெனில எத்தனை புள்ளைக கழுத்தப் புடிச்சுட்டு உக்காந்திருக்குதுக. ஒருக்கா வந்து பாரு கண்ணு."

அந்தப் பையன் மகுடேஸ்வரன், முந்நூறு மிஷின் வைத்து ஏற்றுமதி செய்கிறவர். கூப்பிட்டு உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார். "செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் வந்தீங்கன்னாப் போதுமுங்க. புள்ளைக லீவு போடாம இருந்தாச் சரிங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தை அனுசுயாவின் காதில் ஏறவில்லை. ஏறியிருக்க வேண்டும். ஆனால் பதினோரு வருடம் கம்பெனி கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனவளுக்கு, வாட்ச்மேன் எழுந்து வணக்கம் வைத்தால் காது கொஞ்சம் அடைத்துத்தான் போகும்.

கேண்டீன் மூலையில் ஒரு நீள பெஞ்ச் கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரம் அரை மணி, அதில் பாதி ஊசிக்கு. லைன் சூப்பர்வைசர் கதிர்வேல் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு எட்டுப் பேராக உட்காரவைப்பான். "ஒரு திரை வேணுங்க" என்று முதல் நாளே கேட்டாள். "இதா வந்துருமுங்க" என்றான். இரண்டு மாதமாக அந்தத் திரை வந்துகொண்டே இருந்தது.

முதல் வாரம் ஒவ்வொருத்தியிடமும் குனிந்து காதில் கேட்டாள். கதிர்வேல் வாட்சைப் பார்த்தான். இரண்டாம் வாரம், "ஏனுங்க, இப்படி ஒவ்வொருத்தருகிட்டயும் கதை பேசுனா ஷிப்மெண்ட் எப்படிங்க போறது?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மூன்றாம் வாரத்திலிருந்து அவள் வரிசைக்கு முன்னால் நின்று, வரிசையைப் பார்த்து ஒரே கேள்வியாகக் கேட்கத் தொடங்கினாள்.

"யாராச்சும் முழுகாம இருக்கீங்களாப்பா?"

எட்டுப் பேரும் சிரிப்பார்கள். "இந்த டார்கெட்டுல எங்கக்கா முழுகாம இருக்கிறது?" என்று ஒருத்தி சொல்வாள். கதிர்வேலும் சிரிப்பான். கேள்வி முடிந்தது.

அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் மறுநாளே மிஷினை விட்டு எழுப்பி செக்கிங் டேபிளில் நிற்கவைத்துவிடுவார்கள். மிஷின் இன்னொருத்திக்குப் போய்விடும். நாலு மாதம் ஆனால், "பெத்துட்டு வாம்மா, எடம் எங்க போகுது" என்று நல்லபடியாகவே வீட்டுக்கு அனுப்புவார்கள். திரும்பி வந்தால் இடம் இருக்காது. அதனால் பனியன் கம்பெனியில் எவளும் வாயால் சொல்வதில்லை. வயிறு தானாகச் சொல்கிறவரை துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு மிதிப்பாள். இது அனுசுயாவுக்குத் தெரியாதா? அவளே மகன் வயிற்றில் இருக்கும்போது ஐந்தாம் மாதம்வரை மறைத்தவள். தெரிந்தும் அந்தக் கேள்வியைச் சூப்பர்வைசரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். இதை யார் மன்னித்தாலும் அவள் தன்னை மன்னிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவள் பிரிசில்லா. ஓவர்லாக் டெய்லர், இருபத்தாறு வயது, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அதே கம்பெனி அயர்னிங் செக்ஷனில் இருந்த சதீஷ்குமாரை விரும்பிக் கட்டிக்கொண்டு நாலு வருடம். அனுசுயா கேள்வியைக் கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், பிரிசில்லா மட்டும் கதிர்வேலின் ஷூவைப் பார்த்துக்கொண்டு "இல்லக்கா" என்றாள். தோள் ரெண்டும் இரும்பு மாதிரி இறுகியிருந்தது. அனுசுயா தோள்மேட்டில் ஒன்று வைத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுச்சதையில் ஒன்று. கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே ஒன்று. மூன்றும் அந்தத் தொடக்கூடாத புள்ளிகளில் சேர்ந்தவை.

செவ்வாய்க்கிழமை போனபோது பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள். லிஸ்டில் ஒரு பெயரைப் பேனாவால் அடித்துக்கொண்டே கதிர்வேல் சொன்னான். "அந்தப் பிரிசில்லா வர்லீங்க. ஞாயித்துக்கெழம கலைஞ்சு போச்சாமுங்க. மாசமா இருந்ததே ஒருத்தருக்கும் தெரியாது பாருங்க. இப்ப லைன்ல ஒரு ஆளு கொறையுது."

அனுசுயாவின் கையில் ஊசிப் பாக்கெட் இருந்தது. அதை அப்படியே பைக்குள் வைத்தாள். காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது, இன்றைக்கு முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாட்ச்மேன் வணக்கம் வைத்ததை அவள் பார்க்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். வெள்ளி, சனி, ஞாயிறு. ரெண்டே நாள்.

வீட்டில் மாரிச்செல்வத்திடம் சொன்னாள். அவன் வக்கீல் மாதிரி கேட்டான்.

"நீ கேட்டியா, இல்லையா?"

"கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"இல்லைன்னா."

"அப்புறம் என்ன? அவ மறைச்சதுக்கு நீ என்ன பண்ணுவ? பேசாம இரு. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நீயா போய் வாயைக் குடுத்தேன்னா அந்த ரூமைப் பூட்டிற வேண்டியதுதான். திரும்ப ஓவர்லாக்ல உக்காருவியா? ஒங் கைக்கு இனிமே அது ஆகுமா?"

"அவ எப்படிங்க சொல்லுவா? பக்கத்துல சூப்பர்வைசர் நிக்கிறான். என்கிட்ட அன்னைக்கு எவளாச்சும் அப்படிக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனா?"

"உன் இஷ்டம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கோபமில்லை அவனுக்கு, பயம். அவளுக்கும் பயம்தான். அந்த அறையைத் தவிர அவளுக்கென்று இந்த ஊரில் வேறு எதுவும் இல்லை. அது போனால் மறுபடி ஒரு மிஷின் நம்பர்தான். புதன்கிழமை முழுவதும் வந்தவர்களிடம் ஏதோ சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். போகலாமா, வேண்டாமா என்று அவளுக்குள் நடந்த பஞ்சாயத்து முடியவே இல்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, முடிவு செய்யாமலேயே, கால்கள் பிரிசில்லா குடியிருந்த வேலம்பாளையத்துக்குப் போய்விட்டன.

ஒரே சுவரில் எட்டு வீடுகள், நடுவில் ஒரு பொதுக் குழாய். மூன்றாவது வீட்டு வாசலில் சதீஷ்குமாரின் அம்மா சீனியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் கீரையிடம் பேசுகிற மாதிரி எட்டு வீட்டுக்கும் கேட்கப் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே பிரிசில்லா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கம்பெனியிலருந்தா? வாங்க, வந்து எங்க வீட்டு லச்சணத்தப் பாருங்க" என்றாள் சீனியம்மாள். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒண்ணு போச்சு. இப்ப இது. மாசமா இருக்கேன்னு வீட்டுல ஒரு வார்த்தை சொல்லல, கட்டுன புருசன்கிட்டகூடச் சொல்லல. மிஷின மிதிச்சு மிதிச்சே கரைச்சுட்டா. வேதக்காரியக் கூட்டியாந்து நடுவீட்டுல வச்சான்ல, அனுபவிக்கட்டும். எங்கண்ணன் மக ஊர்ல டீச்சருக்குப் படிச்சிட்டு இருக்கா. இப்பக்கூட ஒரு வார்த்தை சொன்னா வந்துருவா. தங்காத வயித்த வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு அவன் காத்திருப்பான்?"

படுத்திருந்தவள் அசையவில்லை. அந்த முதுகைப் பார்த்ததும் அனுசுயாவின் பஞ்சாயத்து முடிந்தது.

"அம்மா, மிஷினை மிதிச்சதால இல்ல" என்றாள். உட்காரச் சொல்லும் முன்பே தரையில் உட்கார்ந்துகொண்டாள். "கம்பெனியில ஊசி போடுறவ நான்தான். வெள்ளிக்கிழமை இவளுக்குப் போட்டேன். மாசமா இருக்கிறவளுக்குப் போடக்கூடாத எடத்துல போட்டுட்டேன். கேட்டேன், ஆனா கேக்க வேண்டிய மாதிரி கேக்கல. தப்பு என் மேலதான்."

சீனியம்மாளுக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று, புரிந்துகொள்ள. புரிந்ததும் கீரை முறம் காற்றில் பறந்தது. வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு எழுந்தாள். "அடிப் பாவி! ஊசியக் குத்தியா எம் பேரப்பிள்ளையக் கொன்ன?" குழாயடியில் நின்ற பெண்களைக் கூப்பிட்டபடி, மகனுக்குப் போன் போடச் சொல்லிக் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அந்த இடைவெளியில் பிரிசில்லா எழுந்து வந்து அனுசுயாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். கை ஜில்லென்று இருந்தது.

"நீங்க ஏங்க்கா வந்தீங்க?" என்று கிசுகிசுத்தாள். "உங்க ஊசியால இல்லக்கா."

"என்னடி சொல்ற?"

"ஸ்கேன் எடுத்தாங்கல்ல. கணக்குக்கு ஒம்பது வாரம் இருக்கணும். ஆறு வாரத்துலயே வளர்ச்சி நின்னுருச்சாம். மூணு வாரமா உயிரில்லாததைத்தான் சுமந்திருக்கேன். நீங்க ஊசி போட்டப்ப அங்க ஒண்ணுமே இல்லக்கா. டாக்டரம்மா எங்கிட்ட மட்டும் சொன்னாங்க. இவரு வெளிய மாத்திரை வாங்கப் போயிருந்தாரு. ரிப்போர்ட்டும் எங்கிட்டதான் இருக்கு. அத இந்த வீட்டுல படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்."

அனுசுயாவுக்கு மூச்சு வந்தது. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிவிட்ட மாதிரி இருந்தது. இன்னொருத்தியின் பிள்ளை போன இடத்தில் உட்கார்ந்துகொண்டு தனக்குச் சந்தோஷம் வருகிறதே என்று அடுத்த நொடியே கூசிப்போனாள். ஆனால் சந்தோஷம் வந்தது உண்மை.

"இத யாருக்கும் சொல்லிறாதீங்கக்கா" என்றாள் பிரிசில்லா.

அனுசுயா அவளைப் பார்த்தாள்.

"தானா நின்னுச்சுன்னா எங் கோளாறுன்னு ஆயிரும். ரெண்டு தடவ ஆயிருச்சு. அவங்க அண்ணன் மகளக் கொண்டாந்துருவாங்க. இவரு நல்லவருதான், ஆனா அம்மா அழுதாத் தாங்க மாட்டாரு. எனக்குன்னு ஒரு பக்கம் இல்லக்கா. மக செத்துட்டான்னு எங்கப்பா சர்ச்சுல எல்லார்ட்டயும் சொல்லிட்டாரு." வாசலைப் பார்த்துவிட்டு இன்னும் குரலைத் தாழ்த்தினாள். "ஊசியால போச்சுன்னா எனக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். இப்ப அவங்க கத்துறதக் கேட்டீங்கல்ல? நாலு நாள்ல இப்பத்தான் மொதத் தடவையா என்னையத் திட்டாம வேற ஒருத்தரத் திட்டுறாங்க."

கேட்டதன் கனம் கேட்டவளுக்கும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் அனுசுயாவின் முகத்தைப் பார்க்காமல் போய் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அனுசுயா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. குழாயடிப் பெண்கள் திட்டத் திட்ட அந்த வாசலைக் கடந்து வந்தாள்.

கெட்ட பேருக்குப் பஸ் வேண்டியதில்லை. சனிக்கிழமை காலையில் மகுடேஸ்வரன் போன் செய்தார். குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"ஏனுங்க, என்னென்னமோ பேசிக்கறாங்க. நமக்கு வெளிநாட்டு ஆர்டருங்க, ஆடிட்டு கீடிட்டுன்னு வருவாங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்தப் புள்ளையப் பாத்த டாக்டருகிட்ட, ஊசியால இல்லைன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க. அப்படி ஒரு லெட்டர் கெடைக்குமுங்களா?"

கிடைக்கும். பிரிசில்லாவின் தலையணைக்கு அடியிலோ பெட்டிக்குள்ளோ அந்தக் காகிதம் இருக்கிறது. ஒரு நாள் அலைந்தால் போதும்.

அனுசுயா வெள்ளிக்கிழமை முழுவதும் இதையேதான் யோசித்திருந்தாள். ஊசி ஒன்றும் செய்யவில்லை, சரி. அதற்காக அவள் வரிசையைப் பார்த்துக் கேட்டது ஒழுங்காகக் கேட்டதாகிவிடுமா? அடுத்த வெள்ளிக்கிழமை அதே பெஞ்சில், அதே ஷூவைப் பார்த்துக்கொண்டு, உயிருள்ள கருவோடு ஒருத்தி "இல்லக்கா" என்று சொல்லியிருந்தால் அவளுக்கும் அதே மூன்று இடத்தில்தானே வைத்திருப்பாள்? தப்பித்தது அவளுடைய கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. அந்தப் பிள்ளை முன்பே போயிருந்ததால் தப்பித்தாள். அதைக் காட்டி ஒரு லெட்டர் வாங்குவதா? நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அறையை நினைத்தால் அழுகையும் வந்தது. ரெண்டும் சேர்ந்துதான் வந்தது.

"கெடைக்காதுங்க" என்றாள். "உங்க சூப்பர்வைசரப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் அந்தப் புள்ளைககிட்ட கேட்டேனுங்க. தப்பு அங்கதாங்க."

"அது வேற விசயமுங்க" என்றார் மகுடேஸ்வரன். "அப்ப வேண்டாமுங்க. அம்மா கால் வலிக்கு மட்டும் வந்துட்டுப் போவாங்க. அத நாந் தடுக்கலீங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தைய வாரங்களைப் போல வாசல்வரை கூட்டம் இல்லாவிட்டாலும் பெஞ்சில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சைக் கேள்விப்பட்டும் வலி பொறுக்காமல் வந்தவர்கள், கேள்விப்படாமல் வந்தவர்கள், என்னதான் சொல்கிறாள் பார்ப்போம் என்று வந்தவர்கள். திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் ராமாத்தாள். ரெண்டு முழங்காலிலும் நாலு நாலு ஊசி. "இவனுக்குக் கம்பெனிய உட்டா ஒலகமே இல்ல கண்ணு. நீ கண்டுக்காத" என்று மகனைத் திட்டி அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். சீனியம்மாள், குழாயடிப் பெண்கள் இரண்டு பேர், சதீஷ்குமார். எல்லாருக்கும் பின்னால் பிரிசில்லா, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றாள். சீனியம்மாள் தெருவுக்குள் நுழையும்போதே ஆரம்பித்திருந்தாள். மாவு மில்லை நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள்.

சதீஷ்குமார் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. முகம் மழிக்காமல், தூங்காத கண்ணோடு வாசற்படியில் நின்று கேட்டான்.

"அக்கா, நான் சண்டை போட வரல. எங்கம்மா ஒண்ணு சொல்லுது, ஊரு ஒண்ணு சொல்லுது. உங்க ஊசியாலதானா? இல்ல எங்களுக்குள்ளயே ஏதாச்சும் கோளாறா? எனக்கு நெசம் தெரியணும்க்கா. நீங்க சொன்னா நம்புறேன்."

மாரிச்செல்வம் மாவு மில் பக்கமிருந்து வேகமாக வந்தான். எல்லாம் அவனுக்குத் தெரியும், சொல்லியிருந்தாள். சொல்லிவிடு என்று அவன் கண்கள் கெஞ்சின. பெஞ்சில் இருந்தவர்கள் அனுசுயாவைப் பார்த்தார்கள். ராமாத்தாள் பார்த்தார். பிரிசில்லா மட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு, துண்டின் நுனியைப் பல்லில் கடித்திருந்தாள்.

"ஆமா தம்பி" என்றாள் அனுசுயா. "என் ஊசியாலதான். உன் பொண்டாட்டிக்கு ஒரு கோளாறும் கிடையாது."

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சதீஷ்குமாரின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. வேறு ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டான். மாரிச்செல்வம் தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்தான். பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து செருப்பைத் தேடினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. எழுந்தவர்கள் யாரும் திட்டவில்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து போனார்கள்.

ராமாத்தாள் தன் முழங்கால்களைப் பார்த்தார்.

"இந்த ஊசிய எடுத்துரு கண்ணு" என்றார்.

"சரிங்க" என்று அனுசுயா அவர் முன்னால் மண்டியிட்டாள். ஒவ்வொன்றாக உருவினாள். வெளியே சீனியம்மாளின் சத்தம் ஓய்ந்திருந்தது. யாரோ சோடா கொண்டுவந்து கொடுத்தார்கள் போலிருக்கிறது, சோடா உடைக்கிற சத்தம் கேட்டது. ஏழாவது ஊசியை எடுக்கும்போது தெருவிலிருந்து சீனியம்மாளின் குரல், கத்திக் கத்திக் கம்மிப் போன குரல், மெதுவாகக் கேட்டது.

"இந்தா, நீ ஒரு வாய் குடி. வா தாயி, வெயில்ல நிக்காத. பச்ச ஒடம்பு, கிறுகிறுன்னு வந்துரும்."

அனுசுயா எட்டாவது ஊசியையும் உருவி, அந்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.